எண்டோமெட்ரியோசிஸும் உணவும்: கொங்கு நாட்டுச் சமையலை முன்வைத்து

எண்டோமெட்ரியோசிஸ் என்பது கருப்பையின் உட்படலத்தை ஒத்த திசு கருப்பைக்கு வெளியே வளர்வதால் உண்டாகும் நாட்பட்ட நோய். இடமகல் கருப்பை அகப்படலம் என்று தமிழில் கலைச்சொல் இருந்தாலும், மருத்துவமனைகளில் ஆங்கிலப் பெயரே வழங்குகிறது. சினைப்பையில் பழைய இரத்தம் தேங்கிக் கரும்பழுப்பு நிறக் கட்டியாக மாறினால் அதைச் ‘சாக்லேட் கட்டி’ என்பார்கள். ஸ்கேன் அறிக்கையில் இந்தச் சொல்லைப் பார்த்த பிறகுதான் பலருக்குத் தங்கள் வலிக்கு ஒரு பெயர் உண்டு என்பதே தெரியவருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி இனப்பெருக்க வயதிலுள்ள பெண்களில் சுமார் 10 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 19 கோடிப் பேர், இந்நோயோடு வாழ்கிறார்கள்.

நோயை அடியோடு நீக்கும் மருந்து இன்றுவரை இல்லை. வலி மாத்திரை, ஹார்மோன் சிகிச்சை, அறுவை ஆகியவை நோயை அடக்கி வைக்கின்றன. சிலருக்கு அது திரும்ப வருகிறது. எனவே உணவால் ஏதாவது செய்ய முடியுமா என்று நோயாளிகள் தேடுவது இயல்பு. தேடும்போது கிடைக்கும் பட்டியல்கள் பெரும்பாலும் மேலை நாட்டுச் சமையலறையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை: பாதாம் பால், கினோவா, சால்மன் மீன், அவகாடோ. கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் வட்டாரத்தில் அரிசியும்பருப்புஞ்சோறு, கொள்ளு ரசம், கம்பஞ்சோறு, ராகிக்களி, பச்சைப்பயறு கடைசல் என்று உண்டு வளர்ந்த பெண்ணுக்கு அவற்றால் பயன் குறைவு. இந்த நோயில் உணவால் எது முடியும், எது முடியாது என்பதை இந்த வட்டாரச் சாப்பாட்டை வைத்தே பார்க்கலாம்.

நோய் இயங்கும் விதம்

மாதவிலக்கின்போது இரத்தத்தில் ஒரு பகுதி கருக்குழாய் வழியாகப் பின்னோக்கிச் சென்று வயிற்றறைக்குள் விழுகிறது, அதிலுள்ள திசு அங்கே ஒட்டி வளர்கிறது என்ற விளக்கத்தை 1920-களில் அமெரிக்க மருத்துவர் ஜான் சாம்ப்சன் முன்வைத்தார். ஆனால் இந்தப் பின்னோட்டம் பெரும்பாலான பெண்களுக்கு நிகழ்கிறது. நோய் சிலருக்கே வருகிறது. மரபும் நோயெதிர்ப்பு மண்டலத்தின் போக்கும் இதில் பங்கு வகிக்கின்றன.

இடம் மாறி வளர்ந்த திசு ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனுக்குக் கட்டுப்பட்டது. அது தானிருக்கும் இடத்தில் அழற்சியை உண்டாக்குகிறது. வலியைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின்கள் மிகுதியாகச் சுரக்கின்றன. நாளடைவில் தழும்பு உண்டாகிக் குடல், சிறுநீர்ப்பை, சினைப்பை ஆகியவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளலாம். மாதவிலக்கு நாட்களில் மலம் கழிக்கும்போது வலி, உடலுறவில் வலி, வயிறு உப்பி வீங்குதல், ஓயாத அசதி ஆகியவை இதனால் வருபவை. உணவு நுழையக்கூடிய வாசல்கள் மூன்று: அழற்சி, குடல், இரத்த இழப்பு. ஒட்டிக்கொண்ட உறுப்பைப் பிரிப்பதோ சாக்லேட் கட்டியைக் கரைப்பதோ உணவால் ஆகாது. அப்படிக் கரைக்கும் என்று விற்கப்படும் எந்தப் பொடிக்கும் சான்று இல்லை.

நீர்க்கட்டி என்ற குழப்பம்

தமிழ்நாட்டில் சினைப்பையில் எந்தக் கட்டி தெரிந்தாலும் ‘நீர்க்கட்டி’ என்று சொல்லிவிடும் பழக்கம் இருக்கிறது. நீர்க்கட்டி என்று பொதுவாக அறியப்படுவது பி.சி.ஓ.டி. அதில் இன்சுலின் சரியாக வேலை செய்யாமை பலருக்கு உண்டு என்பதால் எடையைக் குறைக்கவும் மாவுச்சத்தைக் கட்டுப்படுத்தவும் சொல்கிறார்கள். எண்டோமெட்ரியோசிஸ் வேறு நோய். இந்த நோயாளிகளில் மெலிந்தவர்களே ஒப்பீட்டளவில் அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. அக்கம்பக்கத்தாரின் பி.சி.ஓ.டி. அறிவுரையைக் கேட்டுச் சோற்றைப் பாதியாகக் குறைத்து, இரவில் பட்டினி கிடக்கும் மெலிந்த பெண்ணுக்கு அதனால் நன்மை இல்லை. ஏற்கெனவே இரத்தம் இழக்கும் உடல் மேலும் தளரும். உணவு மாற்றத்தைத் தொடங்கும் முன் எந்தக் கட்டி என்று மருத்துவரிடம் தெளிவாகக் கேட்டுக்கொள்வது இதனால்தான் முக்கியம்.

ஆய்வுகள் காட்டுவது

உணவும் இந்நோயும் பற்றிய பெரிய தரவுகளில் பல, அமெரிக்காவில் 1989-இல் தொடங்கிய இரண்டாம் செவிலியர் உடல்நல ஆய்விலிருந்து வருகின்றன. 70,000-க்கும் மேற்பட்ட பெண்களை 12 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2010-இல் வெளியான பகுப்பாய்வில், மீனிலுள்ள நீள்தொடர் ஒமேகா-3 கொழுப்பை மிக அதிகமாக உண்டவர்களுக்கு, மிகக் குறைவாக உண்டவர்களைவிட நோய் கண்டறியப்பட்ட வாய்ப்பு 22 விழுக்காடு குறைவாக இருந்தது. டிரான்ஸ் கொழுப்பை அதிகம் உண்டவர்களுக்கு அது 48 விழுக்காடு கூடுதல். 2018-இல் வந்த மற்றொரு பகுப்பாய்வு, நாளுக்கு இரண்டு முறைக்கு மேல் சிவப்பிறைச்சி உண்டவர்களுக்கு வாரம் ஒருமுறையோ அதற்கும் குறைவாகவோ உண்டவர்களைவிட 56 விழுக்காடு கூடுதல் வாய்ப்பு என்றது.

இந்த எண்களை அப்படியே கோவைக்குக் கொண்டுவரும்போது கவனம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆட்டுக்கறிக் குழம்பு வைக்கும் வீடு, அந்த ஆய்வின் அளவுகோலில் மிகக் குறைவாக உண்ணும் பிரிவில்தான் வரும். அந்த ஒரு வேளையையும் நிறுத்தச் சொல்வதில் பொருளில்லை. இரும்புச்சத்து குறைந்த பெண்ணுக்கு அது இழப்பும்கூட. பாலை விடச் சொல்லும் அறிவுரையும் அப்படித்தான். அதே செவிலியர் ஆய்வில் பால் பொருட்களை அதிகம் உண்டவர்களிடம் நோய் சற்றுக் குறைவாகவே பதிவானது. இன்னொன்றும் உண்டு: இவை நோய் வரும் வாய்ப்பைப் பற்றியவை. நோய் வந்தபின் வலி குறையுமா என்ற கேள்விக்கு இவை விடையாகா.

அந்தக் கேள்விக்கு விடை தேடிய சோதனைகள் சிறியவை. இத்தாலியில் 2012-இல் 207 பெண்கள் ஓராண்டு கோதுமைப் புரதமான குளூட்டனைத் தவிர்த்தனர். 75 விழுக்காட்டினர் வலி குறைந்ததாகச் சொன்னார்கள். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு அதில் இல்லை. ஒப்பீடு எவ்வளவு அவசியம் என்பதை அமெரிக்காவில் பதின்வயதினரையும் இளம்பெண்களையும் வைத்து நடந்து 2020-இல் வெளியான சோதனை காட்டியது. ஒரு குழுவுக்கு வைட்டமின் டி, ஒரு குழுவுக்கு மீன் எண்ணெய், மூன்றாம் குழுவுக்கு மருந்துப்போலி என ஆறு மாதம் கொடுத்தார்கள். வைட்டமின் டி குழுவில் வலி நன்றாகக் குறைந்தது. மருந்துப்போலிக் குழுவிலும் ஏறத்தாழ அதே அளவு குறைந்தது. இத்தகைய நிலையால்தான் ஐரோப்பிய மனித இனப்பெருக்க மற்றும் கருவியல் சங்கம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டி, வலிக்காக எந்தக் குறிப்பிட்ட உணவுமுறையையும் பரிந்துரைக்கவில்லை.

நோயாளிகளின் அனுபவமோ வேறாக இருக்கிறது. 51 நாடுகளைச் சேர்ந்த 2,599 பேரிடம் நடத்தி 2025-இல் வெளியான கருத்தாய்வில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் உணவை மாற்றிப் பார்த்திருந்தார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் வலி குறைந்ததாகக் கூறினர். இது சான்றாகாது என்றாலும் புறந்தள்ளக்கூடியதும் அல்ல. காரணத்தைக் குடலில் தேடலாம்.

வயிற்று உப்பசமும் ஃபாட்மேப் முறையும்

எண்டோமெட்ரியோசிஸ் உள்ள பலருக்குக் குடல் எளிதில் சீண்டப்படும் தன்மையும் சேர்ந்தே இருக்கிறது. சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாத சில சர்க்கரைகள் பெருங்குடலுக்குப் போய் நொதித்து வாயுவை உண்டாக்குகின்றன, நீரையும் இழுக்கின்றன. மற்றவர்களுக்கு இது சிறு உப்பசம். நரம்புகள் ஏற்கெனவே கூர்மையடைந்த இந்த நோயாளிகளுக்கோ கடும் வலி. அந்தச் சர்க்கரைகளின் கூட்டுப் பெயர்தான் ஃபாட்மேப். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் இந்த உணவுமுறையை உருவாக்கியது. அங்கேயே எண்டோமெட்ரியோசிஸ் உள்ள 35 பெண்களை வைத்து நடந்து 2025-இல் வெளியான சோதனையில், குறை-ஃபாட்மேப் உணவை உண்ட 28 நாட்களில் 60 விழுக்காட்டினருக்குக் குடல் தொல்லை குறைந்தது. ஒப்பீட்டு உணவில் 26 விழுக்காட்டினருக்கு மட்டுமே குறைந்தது. எண்ணிக்கை சிறிது என்றாலும், உணவுக்கு ஆதரவாக இதுவரை கிடைத்த சான்றுகளில் இது உறுதியானது.

கொங்குச் சமையலுக்கு இதைப் பொருத்துவதில் ஒரு சங்கடம் உண்டு. சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாத கொங்குக் குழம்பு ஏது? இரண்டிலும் ஃபாட்மேப் மிகுதி. கொள்ளு, துவரை, பச்சைப்பயறு, தட்டைப்பயறு, கோதுமை, பால் ஆகியவையும் இப்பட்டியலில் வருகின்றன. மேட்டுப்பாளையம் மண்டிக்கு நீலகிரியிலிருந்து வரும் காய்களில் காலிஃபிளவரும் இதில் சேரும், கேரட் சேராது. அரிசிச் சோறு, முட்டை, மீன், கறி, நிலக்கடலை, வெள்ளரி, கத்தரி, ஆரஞ்சு ஆகியவற்றால் பொதுவாகத் தொல்லை இல்லை.

இதற்குச் சில சமையலறை வழிகள் இருக்கின்றன. பூண்டிலுள்ள தொல்லை தரும் சர்க்கரை நீரில் கரையும், எண்ணெயில் கரையாது. நல்லெண்ணெயிலோ கடலெண்ணெயிலோ பூண்டுப் பற்களைப் பொரித்து அவற்றை எடுத்துவிட்டுத் தாளித்தால் மணம் தங்கும், உப்பசம் வராது. வெங்காயத்துக்கு மாற்றாக வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியைப் பயன்படுத்தலாம். பருப்புகளை இரவே ஊறவைத்து அந்த நீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் அச்சர்க்கரைகளில் ஒரு பகுதி வெளியேறும். கொள்ளில் மட்டும் ஒரு சிக்கல்: வேகவைத்த தண்ணீரை இறுத்து ரசம் வைப்பது இங்கே வழக்கம், கரைந்த சர்க்கரை முழுவதும் அந்த ரசத்தில்தான் இருக்கும். ரசம் குடித்து வயிறு உப்பும் பெண், கொள்ளுப் பருப்பைக் கடைந்து சிறிதளவு உண்டு பார்க்கலாம்.

இம்முறையை வாழ்நாள் விரதமாக எடுத்துக்கொள்வது பெருந்தவறு. இரண்டு முதல் ஆறு வாரம் வரை குறைத்து, பிறகு ஒவ்வொரு பொருளாகத் திரும்பச் சேர்த்து, தனக்கு எது ஆகவில்லை என்று கண்டுபிடிப்பதே நோக்கம். பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு பொருள்களில் நின்றுவிடும். பருப்பையும் பயற்றையும் நிரந்தரமாக விலக்கினால், குறிப்பாகச் சைவக் குடும்பங்களில், புரதமும் இரும்பும் குறைந்துபோகும். எனவே உணவியல் வல்லுநரின் துணையோடு செய்ய வேண்டும். கோவையில் அதற்குப் பஞ்சமில்லை. 1957-இல் மனையியல் கல்லூரியாகத் தொடங்கிய அவினாசிலிங்கம் நிறுவனம் உணவியல் படித்தவர்களைத் தலைமுறைகளாக உருவாக்கி வருகிறது. பெரிய மருத்துவமனைகளில் உணவியல் பிரிவும் இருக்கிறது.

இரத்த இழப்பும் இரும்பும்

ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. அதிக உதிரப்போக்கும் இருந்தால் நிலைமை மோசமாகும். அசதியைப் பலர் நோயின் இயல்பு என்று ஏற்றுக்கொள்கிறார்கள். அதில் பாதி இரத்தசோகையாக இருக்கலாம்.

ராகியில் இரும்பு நிறைய என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. உண்மையில் ராகியின் சிறப்பு கால்சியம்: 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம். தானியங்களில் இதற்கு நிகர் இல்லை. எண்டோமெட்ரியோசிஸுக்குத் தரும் சில ஹார்மோன் ஊசிகள் எலும்பின் அடர்த்தியைக் குறைக்கும் என்பதால், அந்தச் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு ராகிக்களி வெறும் பழம்பெருமை அல்ல. இரும்பில் கம்பு முன்னே நிற்கிறது. ஆனால் இரண்டு தானியங்களிலும் இரும்பை உடல் எடுத்துக்கொள்ளவிடாமல் தடுக்கும் ஃபைட்டேட் உண்டு. மாவைக் கரைத்து ஒருநாள் புளிக்கவிட்டுக் கூழ் காய்ச்சும் பழைய முறையில் அது குறைகிறது, முளைகட்டினாலும் குறைகிறது. ரெடிமேட் சத்துமாவுக் கஞ்சியில் இந்தப் புளிப்பு இருக்காது.

சாப்பாட்டோடு எலுமிச்சை, நெல்லிக்காய் போன்று வைட்டமின் சி உள்ளதைச் சேர்த்தால் இரும்பு நன்றாக உறிஞ்சப்படும். சாப்பிட்ட உடனே டீ குடித்தால் தடைபடும். ஒரு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும். முருங்கைக்கீரை, எள்ளுருண்டை, ஈரல் ஆகியவை நல்லவை. ஆனாலும் ஹீமோகுளோபின் நன்றாக இறங்கிவிட்ட பிறகு கீரையால் மட்டும் அதை ஏற்ற முடியாது. இரும்பு மாத்திரையோ ஊசியோ தேவைப்படும்.

மஞ்சளுக்கு எவ்வளவு வலிமை

2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோட்டு மஞ்சளின் ஊரில், அழற்சிக்கு மஞ்சள் என்ற பேச்சு எழாமல் இருக்காது. மஞ்சளிலுள்ள குர்குமின் ஆய்வகத்தில், செல்களிலும் எலிகளிலும் நல்ல விளைவு காட்டியது உண்மை. மனிதர்களிடம் சோதித்தபோது அது தொடரவில்லை: ஈரானில் எண்டோமெட்ரியோசிஸ் நோயாளிகளுக்கு நாளுக்கு இரண்டு வேளை 500 மில்லிகிராம் குர்குமின் எட்டு வாரம் கொடுத்து 2024-இல் வெளியிட்ட சோதனையில், மருந்துப்போலியைவிடக் கூடுதல் பயன் தெரியவில்லை. அந்த அளவைச் சமையலில் பெற வேண்டுமானால், மஞ்சளில் சுமார் 3 விழுக்காடு குர்குமின் என்று கொண்டால், நாளுக்கு 30 கிராமுக்கு மேல் மஞ்சள்தூள் வேண்டும். குழம்பில் போடும் மஞ்சள் போட்டபடி இருக்கட்டும். செறிவூட்டிய மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் விழுங்க வேண்டாம்; அவற்றால் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டது பதிவாகியுள்ளது.

மீனைப் பொறுத்தவரை கொங்கு நாட்டுக்குக் கடல் இல்லை. எனினும் கேரளக் கரையிலிருந்து மத்தியும் அயிலையும் உக்கடம் மீன் சந்தைக்கு வருகின்றன. ஒமேகா-3 கொழுப்பில் சால்மனுக்குச் சளைக்காதது மத்தி; விலையோ அதில் ஒரு சிறு பங்கு. வாரம் இருமுறை குழம்பு வைத்தால் போதும். சைவர்கள் ஆளிவிதையை வறுத்துப் பொடித்துச் சேர்க்கலாம். அதிலுள்ள ஒமேகா-3 வகை வேறு, உடல் அதில் சிறு பகுதியையே மீனிலுள்ள வகையாக மாற்றிக்கொள்கிறது.

பேக்கரியும் பனியன் கம்பெனியும்

கொங்கு வட்டாரத்தில் டீக்கடை என்றால் அது பேக்கரியும்தான். பஃப்ஸ், தேங்காய் பன், கிரீம் பன் என்று காலை உணவே அங்கே முடிந்துவிடும் பெண்கள் ஏராளம். வனஸ்பதியில் செய்த பண்டங்களில்தான் டிரான்ஸ் கொழுப்பு சேர்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் எண்ணெய், கொழுப்புகளில் அதன் வரம்பை 2021-இல் 3 விழுக்காடாகவும் 2022-இல் 2 விழுக்காடாகவும் குறைத்தது. செவிலியர் ஆய்வில் மிகப்பெரிய வேறுபாடுகளில் ஒன்று இந்தக் கொழுப்பில்தான் தெரிந்தது என்பதால், எதையாவது ஒன்றைக் குறைக்க வேண்டும் என்றால் பன், பஃப்ஸிலிருந்து தொடங்குவது பொருத்தம். மாற்று எளிதானது: அதே டீயோடு வேகவைத்த நிலக்கடலை அல்லது முட்டை.

விடுதியில் தங்கி ஆலையிலும் தையல் கூடத்திலும் வேலை செய்யும் பெண்ணுக்கு இந்த எளிய மாற்றும் கையில் இல்லை. மெஸ்ஸில் போடுவதைத்தான் உண்ண வேண்டும். வலிக்கு லீவு கேட்டால் கூலி போகும். தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை 2019-இல் தமிழ்நாட்டு ஆடைத் தொழிலில் உள்ள சுமார் 100 பெண்களைப் பேட்டி கண்டபோது, மாதவிலக்கு வலிக்கு வேலையிடத்தில் பெயரே இல்லாத மாத்திரைகளைக் கொடுக்கிறார்கள் என்று அவர்கள் கூறினர். வெறும் வயிற்றில் அடிக்கடி விழுங்கும் வலி மாத்திரை இரைப்பையைப் புண்ணாக்கும். வலி நாட்களில் பழைய சோறும் மோருமாவது சாப்பிட்ட பிறகே மாத்திரை என்பது சிறு பாதுகாப்பு. மாத்திரையின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்வது அதைவிட முக்கியம். மாதந்தோறும் ஒரே பெண் அறைக்குப் போய்ப் படுத்தால் அவளுக்குத் தேவை மருத்துவப் பரிசோதனை என்பதை மேற்பார்வையாளர்களும் அறிந்திருக்க வேண்டும்.

எப்போது மருத்துவரிடம் போவது

நோய் தொடங்கிய பிறகு அதன் பெயர் தெரிய 4 முதல் 12 ஆண்டுகள் ஆகின்றன என்பது பல நாடுகளின் அனுபவம். இந்தத் தாமதத்தில் வீட்டு வைத்தியத்துக்கும் பங்கு உண்டு. மோரில் ஊறிய வெந்தயத்தாலோ உளுந்தங்களியாலோ கெடுதல் இல்லை. “சூட்டு ஒடம்பு, மோரு குடிச்சாச் செரியாப் போயிருங் கண்ணு” என்பதும், “கல்யாணமாகி ஒரு கொழந்தை பொறந்தா எல்லாஞ் செரியாயிரும்” என்பதும் தான் ஆண்டுகளைத் தின்றுவிடுகின்றன. குழந்தைப்பேறு இந்நோய்க்கு மருந்தல்ல. இந்நோய் உள்ளவர்களில் கணிசமானோருக்குக் கருத்தரிப்பதே கடினமாகிறது. கருத்தரிப்பு மருத்துவமனைக்குப் போன பிறகே நோய் தெரியவந்த பெண்கள் பலர்.

பள்ளிக்கோ வேலைக்கோ போகமுடியாத அளவு வலி, மாத்திரைக்கு அடங்காத வலி, மாதவிலக்கு நாட்களில் மலத்திலோ சிறுநீரிலோ இரத்தம், உடலுறவில் வலி, ஓராண்டு முயன்றும் கருத்தரிக்காமை ஆகியவற்றில் எது இருந்தாலும் மகப்பேறு மற்றும் பெண்கள் நல மருத்துவரைப் பார்க்க வேண்டும். முன்பு லேப்ராஸ்கோப்பி செய்து பார்த்தால்தான் உறுதி என்றிருந்தது. இப்போது அறிகுறிகளையும் ஸ்கேனையும் கொண்டே சிகிச்சையைத் தொடங்கலாம் என்று வழிகாட்டிகள் கூறுகின்றன. ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக நோய் இல்லை என்று முடிவு செய்யக்கூடாது. மேலோட்டமான திட்டுகள் ஸ்கேனில் படுவதில்லை.

மருத்துவரிடம் போகும்போது மூன்று மாதக் குறிப்பேடு ஒன்று கையில் இருந்தால் உதவும். தூரமான தேதி, வலியை 10-க்கு இத்தனை என்ற அளவில் எண், எத்தனை நாப்கின் மாற்றியது, மலம் கழித்த விதம், வயிறு உப்பிய நாளில் முந்தைய வேளை என்ன சாப்பிட்டது, எந்த மாத்திரை, எத்தனை என்று நாளுக்கு ஒரு வரி போதும். உணவால் உப்பசம் வருகிறதா, சாப்பாடு எதுவானாலும் மாதவிலக்கோடு சேர்ந்தே வருகிறதா என்பது அந்தக் குறிப்பில் தெரிந்துவிடும். மருத்துவரும் உணவியல் வல்லுநரும் முதலில் கேட்பதும் அதைத்தான்.